ஒரு பக்கம் மட்டும் என்றால்: காது, மூக்கு, தொண்டைக் கோளாறுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் அண்ணனுக்கு ஒரு நாள் காலை எழுந்ததும் இடது காது அடைத்துக்கொண்டது. சளியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். நாலாம் நாள் ஒரு மருத்துவரிடம் போனார். அவர் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டு, ‘ஜவ்வு நல்லா இருக்கு, அழுக்கும் இல்லை, சளி இறங்கினா சரியாயிடும்’ என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை அளக்கும் சோதனை, எடுத்தபோதுதான், அது அடைப்பே இல்லை, உள்காதும் நரம்பும் சம்பந்தப்பட்ட திடீர் செவித்திறன் இழப்பு என்று தெரிந்தது. இன்றும் அவர் போனை வலது காதில்தான் வைத்துக் கேட்கிறார்.

அந்த மருத்துவர் பார்த்தது சரிதான், ஜவ்வு நன்றாகத்தான் இருந்தது. காது திடீரென்று கேட்கவில்லை, வெளிக்காதிலும் ஜவ்விலும் ஒரு குறையும் தெரியவில்லை என்றால் கோளாறு அதற்கும் உள்ளே இருக்கலாம் என்ற சந்தேகம் உடனே வந்திருக்க வேண்டும். ‘பார்க்க ஒன்றுமில்லை’ என்பதை நோயாளியும் மருத்துவரும் ஆறுதலாக எடுத்துக்கொண்டதுதான் தவறு.

72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று அதிர்வெண்களில் 30 டெசிபலோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைந்தால் அதைத் திடீர் செவித்திறன் இழப்பு என்பார்கள். இது அவசர சிகிச்சைக்குரியது. ஸ்டீராய்டை மாத்திரையாகவோ, ஜவ்வு வழியாக நடுக்காதில் ஊசியாகவோ தருவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சிலருக்குத் தானாகவே கேட்கத் தொடங்கிவிடுவதும் உண்டு. யாருக்கு அப்படித் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், காத்திருந்து பார்ப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். நன்றாகக் கேட்கும் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி முனகுங்கள். சத்தம் அடைத்த காதுக்கு ஓடிவருவது தெரியும். குறும்பியோ நடுக்காதில் நீரோ அடைத்திருந்தாலும் இதேதான் நடக்கும், முனகல் அடைத்த காதில் பலமாகக் கேட்கும். நரம்பு வகை இழப்பில் தலைகீழ்: முனகல் நல்ல காதுப் பக்கம் போய்விடும். மருத்துவர்கள் 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். முனகல் நல்ல காதில் கேட்டால் அன்றே கிளம்புங்கள். அடைத்த காதில் கேட்டாலும் இது ஆடியோகிராமுக்கு மாற்று ஆகாது என்பதை மறக்க வேண்டாம். இன்னொன்று, கேட்கும் திறன் திரும்பிவிட்டது என்பதற்காக எம்ஆர்ஐ ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது. சிலருக்கு இதன் பின்னால், காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாம் நரம்பில் மெதுவாக வளரும் சாதாரணக் கட்டி, அதாவது புற்றுநோய் அல்லாத கட்டி இருப்பதுண்டு.

அண்ணனுக்கு இப்படி ஆனதிலிருந்து ‘ஒரு பக்கம் மட்டும்’ என்ற மூன்று வார்த்தைகளை யார் சொன்னாலும் எனக்குக் காது நிமிரும். சளியும் அலர்ஜியும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பாதிக்கும். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அதற்குத் தனிக் காரணம் தேட வேண்டும்.

சின்னக் குழந்தைக்கு ஒரு மூக்கிலிருந்து மட்டும் நாற்றத்தோடு சளி வருகிறதா? உள்ளே ஏதாவது போட்டுக்கொண்டிருக்கும். மணியோ ஸ்பாஞ்சோ என்றால் அவ்வளவு அவசரமில்லை. பட்டன் பேட்டரி என்றால் ஒரு நிமிடமும் வீணாக்கக் கூடாது. மூக்கின் ஈரத்தில் அதன் மின்சாரம் பாய்ந்து காரத்தன்மை உண்டாகி, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். இரண்டு மூக்குத் துளைக்கும் இடையில் இருக்கும் தடுப்பில் ஓட்டை விழுந்தவர்கள் இருக்கிறார்கள். இங்கே செய்யும் தவறு, சொட்டு மருந்து விடுவது. ஈரம் கூடக் கூட அரிப்பும் கூடும். ஊக்கை விட்டு நோண்டுவதும் வேண்டாம், பொருள் இன்னும் உள்ளே போகும்.

வளரும் வயதுப் பையனுக்கு ஒரு மூக்கு அடைப்பும் அடிக்கடி ரத்தக் கசிவும் சேர்ந்து வந்தால், மூக்கின் பின்புறம் ரத்தக் குழாய்கள் நிறைந்த ஆஞ்சியோஃபைப்ரோமா என்ற கட்டி இருக்கலாம். இதில் சோதனைக்காக ஒரு துண்டு கிள்ளி எடுப்பதே பெரிய ஆபத்து, ரத்தம் நிற்காது. முதலில் ஸ்கேன். பெரியவர் ஒருவருக்கு ஒரே காதில் நீர் கோத்து, வாரக்கணக்கில் வடியாவிட்டால் மூக்கின் பின்புறத்தை எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அங்கே வளரும் புற்றுநோய் சில சமயம் முதலில் காதில்தான் தெரியும்.

மூக்கிலேயே என்னை அதிகம் கவலைப்படுத்துவது இதுதான். ஒருவர் செருப்பு வாரை மாட்டக் குனிகிறார். ஒரு மூக்கிலிருந்து தண்ணீர்போல் ஒரு சொட்டு தரையில் விழுகிறது. நிமிர்ந்ததும் நின்றுவிடுகிறது. தும்மல் இல்லை, அரிப்பு இல்லை, தொண்டையில் மட்டும் லேசாக உப்புக் கரிக்கிறது. வருடக்கணக்கில் அலர்ஜி மாத்திரை சாப்பிட்டும் நிற்காத இந்த ஒழுகல், மூளையைச் சுற்றியிருக்கும் திரவம் மண்டையோட்டின் அடியில் உள்ள மெல்லிய எலும்பின் வெடிப்பு வழியாகக் கசிவதாக இருக்கலாம். கைக்குட்டையில் விழுந்து காய்ந்த சளி துணியை விறைப்பாக்கும். இந்தத் திரவம் காய்ந்தால் துணி விறைக்காது. பழைய காலத்து அடையாளம் இது, குறிப்பு மட்டும்தான். நீரைச் சின்னப் பாட்டிலில் பிடித்து பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் (இந்தத் திரவத்தை அடையாளம் காட்டும் புரதம்) சோதனைக்கு அனுப்பினால் பெரும்பாலும் தெளிவாகிவிடும். சர்க்கரை பார்க்கும் பட்டையில் தொட்டுப் பார்த்து முடிவு செய்வது நம்பகமானதல்ல. இதை விட்டுவைத்தால் மூக்கிலுள்ள கிருமி அதே வழியில் ஏறி மூளைக்காய்ச்சல் வரலாம். கசிவு சரியாகும்வரை மூக்கைப் பலமாகச் சிந்த வேண்டாம்.

தலைச்சுற்றலில் நடக்கும் தவறு வேறு மாதிரி. எல்லாவற்றுக்கும் கழுத்தெலும்புத் தேய்மானம் என்று பெயர் வைத்து, சுற்றலை அமுக்கும் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பது. முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு நேரம் சுற்றுகிறது, எதைச் செய்தால் வருகிறது என்பதுதான். படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் சுற்றி நின்றுவிட்டால், உள்காதின் கால்சியம் துகள்கள் இடம் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். எப்ளி முறையில் தலையைத் திருப்பித் திருப்பி அவற்றைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடலாம், மாத்திரையே தேவைப்படாது. 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை சுற்றி, கூடவே காது மந்தமும் இரைச்சலும் வந்தால் உள்காதைப் பாதிக்கும் மெனியர் நோயை நினைக்க வேண்டும். நாள் முழுக்க நிற்காமல் சுற்றினால் பக்கவாதம் இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது.

‘என் கண் அசைவது எனக்குக் கேட்கிறது’ என்று ஒருவர் சொன்னால் என்ன நினைப்பீர்கள்? பலர் மனநல மருத்துவரிடம் அனுப்பப்பட்டிருக்கிறார்கள். 1998-ல் அமெரிக்கக் காது மருத்துவர் லாயிட் மைனரும் அவர் குழுவினரும் இதை விளக்கினார்கள். உள்காதின் மேல்பக்க அரைவட்டக் குழாயை மூடியிருக்கும் எலும்பில் ஓட்டை இருந்தால், உடம்புக்குள் எழும் சத்தமெல்லாம் காதில் பெரிதாகக் கேட்கும், பலத்த சத்தம் கேட்டால் தலை சுற்றும். மெல்லிய அடுக்குகளாக எடுத்த சிடி ஸ்கேனில் ஓட்டை தெரியும். நோயாளி சொல்வது விசித்திரமாக இருக்கிறது என்பதற்காகவே ‘மனசுதான் காரணம்’ என்று முடிப்பதைவிட மோசமான தவறு இந்தத் துறையில் இல்லை என்பேன்.

தொண்டைக்கு வருவோம். காது வலிக்கிறது, காது நன்றாக இருக்கிறது. அப்புறம் எதற்குக் காதுச் சொட்டு? நாக்கின் அடிப்பகுதி, டான்சில், குரல்வளைக்கு வரும் நரம்புகளே காதுக்கும் கிளை விடுகின்றன. அதனால் அங்கே இருக்கும் புண்ணின் வலி காதில் தெரியும். புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு ஒரு பக்கக் காதுவலி நீடித்தால் தொண்டையை முழுக்கப் பார்க்காமல் அனுப்பவே கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தாலும் அப்படித்தான், குரல்நாணைப் பார்த்தாக வேண்டும். அதில் ஒன்றும் இல்லை, ஆனால் விழுங்கும்போது ஒரு பக்கம் குத்துகிறது, தலையைத் திருப்பினால் காதுக்கு இழுக்கிறது என்றால், டான்சில் இருக்கும் குழிக்குள் விரலால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குக் கீழிருந்து இறங்கும் ஊசி போன்ற எலும்பு நீண்டிருந்தால் அங்கே தட்டுப்படும். 1937-ல் அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் விவரித்த கோளாறு இது.

கடைசியாக, சர்க்கரை நோய் உள்ள வயதானவர்களின் காதுவலி. தூங்கவிடாத அளவுக்கு ராத்திரியில் வலி, கூடவே சீழ். சாதாரணக் காதுப்புண் என்று சொட்டு மருந்தோடு விட்டால், சூடோமோனாஸ் கிருமி மண்டையோட்டின் அடி எலும்பு வரை பரவி, முகத்தை அசைக்கும் நரம்பையும் தொட்டு, முகத்தை ஒரு பக்கம் கோணவைத்துவிடும். சிகிச்சையில் இன்னொரு தவறும் நடக்கிறது. பத்து நாளில் வலி குறைந்ததும் ‘சரியாகிவிட்டது’ என்று ஆன்டிபயாட்டிக்கை நிறுத்திவிடுகிறார்கள். எலும்பில் இறங்கிய கிருமிக்குப் பொதுவாக ஆறு வாரமாவது மருந்து வேண்டும். அந்த ஆறு வாரமும் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.