பைப் புகைக்கும் பழக்கத்தை விடுவது எப்படி? நிறுத்தி வைப்பவர்களுக்கும் தொடங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கும் சேர்த்து

"நான் புகையை உள்ளே இழுப்பதில்லை." பைப் பிடிப்பவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதுதான். பலருக்கு அது உண்மையும்கூட. ஆனால் அதை வைத்து "எனக்கு இது பழக்கம்தான், அடிமைத்தனம் இல்லை" என்ற முடிவுக்கு வருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

பைப் புகை பொதுவாக சிகரெட் புகையைவிடக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடியது. காரச் சூழலில் நிகோடின் கன்னத்தின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் இறங்கிவிடும். அதற்கு நுரையீரல் தேவையில்லை. சிகரெட்டில் சில நொடிகளில் மூளைக்கு ஏறுவது, பைப்பில் முக்கால் மணி நேரம் பரவி மெல்ல ஏறுகிறது. அதனால் அதன் பிடி கண்ணுக்குத் தெரிவதில்லை. அளவையும் பாருங்கள்: ஒரு சிகரெட்டில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான புகையிலை. நடுத்தர அளவுள்ள பைப்பின் கிண்ணத்தில் 2 முதல் 3 கிராம் வரை அடைபடும். முன்பு சிகரெட் பிடித்துவிட்டு பைப்புக்கு மாறியவர்களோ, தெரிந்தும் தெரியாமலும் புகையை உள்ளே இழுக்கவே செய்கிறார்கள். அவர்களுக்குப் பைப் ஒரு பாதுகாப்பான மாற்று அல்ல.

எரிச்சலில் விடுபவர்கள் ஏன் திரும்புகிறார்கள்

பைப்பைப் பாதியில் விடுபவர்களில் கணிசமானோர் உடல்நலத்துக்காக விடுவதில்லை. நாக்கு எரிகிறது, அடிக்கடி அணைகிறது, தண்டில் நீர் தேங்கிக் களகளக்கிறது, வாயில் கசப்பு நிற்கிறது. அலுத்துப்போய் வைத்துவிடுகிறார்கள். இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. ஈரமான புகையிலையை இறுக்கி அடைத்தால் காற்று போகாது. அணையாமல் இருக்க வேகமாக இழுக்க வேண்டியிருக்கும். வேகமாக இழுத்தால் சூடான நீராவி நாக்கைச் சுடும். அந்த நீராவியே தண்டில் குளிர்ந்து தார் கலந்த நீராகத் தேங்கும்.

இந்தக் காரணங்களுக்காக மட்டும் விட்டவர், புகையிலையை எப்படி உலர்த்துவது, எப்படித் தளர்வாக அடைப்பது என்று யாராவது காட்டிக்கொடுத்ததும் திரும்பி வந்துவிடுவார். நாக்குப் புண் சில நாளில் ஆறிவிடும், அதோடு விட்ட காரணமும் மறைந்துவிடும். ஆகவே முதல் வேலை, ஆறிப்போகாத ஒரு காரணத்தை எழுதிவைப்பது. "இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது", "வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது", "அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் வந்தது" என்பது போல, உங்களுக்கே உரிய ஒற்றை வரி போதும். "உடம்புக்கு நல்லதில்லை" என்ற பொது வாக்கியம் மாலை 7 மணிக்குக் கைகொடுக்காது.

முதல் 7 நாள்: எதையும் குறைக்காமல் குறித்து வையுங்கள்

ஒரு வாரம் வழக்கம்போலவே பிடியுங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி, எந்த இடம், பக்கத்தில் என்ன பானம், கிண்ணத்தை முடித்தீர்களா பாதியில் வைத்தீர்களா. காலையில் கண் விழித்த பிறகு முதல் கிண்ணத்துக்கு எத்தனை நிமிடம் ஆனது என்பதைத் தவறாமல் குறியுங்கள். இந்த ஒரு எண்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். விழித்த 30 நிமிடத்துக்குள் பற்றவைக்கிறீர்கள் என்றால் உங்களைப் பிடித்து வைத்திருப்பது நிகோடின். மாலையில் மட்டும், அதுவும் ஒரே நாற்காலியில் என்றால் நேரமும் கைவேலையும்தான் பெரும்பங்கு. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் பிடிப்பவருக்கு நிகோடின் மருந்து அநேகமாகத் தேவைப்படாது. அவர் புகையிலை வாங்குவதை நிறுத்திவிட்டு, பிடிக்கும் இடத்தையும் துணையையும் மாற்றினாலே பாதி முடிந்தது.

நிறுத்தும் நாள்

முதலில் வெளியேற வேண்டியது புகையிலை, பைப் அல்ல. பலர் இதைத் தலைகீழாகச் செய்து தோற்கிறார்கள். நல்ல மரப் பைப்பைத் தூக்கி எறிய மனம் வராமல் மொத்தத் திட்டத்தையும் ஒத்திப்போடுவார்கள். பைப் தானாக எரியாது. ஜாடிகளை அன்றைக்கே காலி செய்யுங்கள். "மீதி இருப்பதை முடித்துவிட்டு நிறுத்துகிறேன்" என்பது வேண்டாம். மூடி இறுகிய கண்ணாடி ஜாடியில் புகையிலை பல வருடம் கெடாமல் இருக்கும், அதனால் அந்த "மீதி" முடியவே முடியாது.

பைப்புகளைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம். சாம்பலைத் தட்டி, தண்டுக்குள் பைப் கிளீனர் விட்டு, வாடை குறையும்வரை ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்து, வீட்டில் வேறொருவரிடம் ஒப்படையுங்கள். வெறும் பைப்பை வாயில் கவ்விக்கொண்டு ஆசையைத் தணிக்கலாம் என்று சிலர் சொல்வதை நாங்கள் ஏற்பதில்லை. தண்டில் படிந்த தாரின் சுவை நாக்கில் பட்டதும் ஆசை கூடத்தான் செய்யும். பல்லும் தேயும்.

நிகோடின் சூயிங்கம்: பைப் பிடித்தவர்களுக்கு ஏன் பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது

நிகோடின் கம்மும் பைப் புகை போலவே கன்னம் வழியாகத்தான் உடலில் சேர்கிறது. அதனால் உங்கள் உடலுக்கு இது பழகிய பாதை. விழித்த 30 நிமிடத்துக்குள் பிடிப்பவருக்கு 4 மி.கி., மற்றவர்களுக்கு 2 மி.கி. சாதாரண சூயிங்கம் போல இதை மென்றுகொண்டே இருந்தால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள். மிளகு போலக் காரமாகவோ சுறுசுறுவென்றோ உணர்ந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வையுங்கள். சுமார் ஒரு நிமிடத்தில் அந்த உணர்வு அடங்கும். மறுபடி சில முறை மென்று, இம்முறை வேறொரு இடத்தில் ஒதுக்குங்கள். ஒரு துண்டு 30 நிமிடம் ஓடும்.

கம் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்தே காபி, பழச்சாறு, சோடா எதுவும் கூடாது. அவற்றின் அமிலம் வாயின் காரத்தன்மையைக் குறைத்துவிடும். நிகோடின் கன்னத்தைத் தாண்டாது. "கம் வேலை செய்யவில்லை" என்பவர்களில் பலர் காபியோடு மென்றவர்களே. ஆசை உச்சத்துக்கு வந்த பிறகு போடுவதும் வீண். வழக்கமான கிண்ணத்தின் நேரத்துக்குச் சற்று முன்பே போட்டுவிடுங்கள். முதல் 6 வாரம் 1-2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2-4 மணிக்கு ஒன்று, கடைசி 3 வாரம் 4-8 மணிக்கு ஒன்று என்பது வழக்கமான அட்டவணை.

வாயில் புண் இருப்பவருக்கும் பல் செட் கட்டியவருக்கும் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் மேல். பேட்ச் அளவுகள் சிகரெட் எண்ணிக்கையை வைத்து வகுக்கப்பட்டவை, பைப்புக்கு நேரடிக் கணக்கு கிடையாது. உங்கள் 7 நாள் குறிப்பைக் காட்டி மருத்துவரிடம் அளவு கேளுங்கள். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் எந்த நிகோடின் மருந்தையும் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

நாள் முழுக்கப் புகைத்தவர்கள் நிறுத்தியதும் காபியைப் பாதியாகக் குறைப்பது நல்லது. புகையிலுள்ள சில பொருட்கள் காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிட்டிருக்கும். புகை நின்றதும் அந்த வேகம் தணிந்து, பழைய அளவு காபியே அதிகமாகிவிடும். படபடப்பும் தூக்கமின்மையும் வர, "நிகோடின் இல்லாததால்தான்" என்று பயந்து திரும்புகிறார்கள். ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், மனநோய்க்கான குளோசபின், ஒலான்சபின் மாத்திரைகளையும் இதே நொதிதான் சிதைக்கிறது. அவற்றை எடுப்பவர்கள் நிறுத்தும் தேதியை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கைக்கு என்ன வேலை

சிகரெட்டை விட்டவருக்கு இல்லாத ஒரு வெறுமை இங்கே உண்டு. அடைப்பது, அழுத்துவது, பற்றவைப்பது, மறுபடி அழுத்துவது, துடைப்பது என்று ஒரு மணி நேரம் விரல்களுக்கு வேலை இருந்தது. அந்த இடத்தில் 5 நிமிட மாற்று வைத்தால் மீதி 55 நிமிடம் காலியாகவே இருக்கும். மரம் செதுக்குவது, மவுத் ஆர்கன் பழகுவது, பழைய கடிகாரத்தைப் பிரித்துத் துடைப்பது போல, இரு கையும் சேர்ந்து நீண்ட நேரம் செய்யும் வேலை வேண்டும். வழக்கமாக உட்கார்ந்து பைப் பிடித்த நாற்காலியையும் முதல் 3 வாரம் இடம் மாற்றிவிடுங்கள். எரிச்சல், கவனச் சிதறல், அடங்காத பசி எல்லாம் முதல் 2-3 நாளில் உச்சத்தில் இருந்து, 2 முதல் 4 வாரத்தில் தணியும்.

கை தவறி ஒரு கிண்ணம் பற்றவைத்துவிட்டால், அதை முடித்தாக வேண்டும் என்று இல்லை. கிண்ணம் முழுதாக எரிந்து முடிய முக்கால் மணி ஆகும். எந்த நிமிடத்திலும் கொட்டிவிடலாம். தாரும் ஈரமும் அடியில்தான் அதிகம் தேங்கியிருக்கும் என்பதால், பாதியில் கொட்டுவதற்கும் கடைசி வரை இழுப்பதற்கும் நிஜமான வித்தியாசம் உண்டு.

சில வாரங்கள் மட்டும் நிறுத்த வேண்டியவர்கள்

பல் பிடுங்கிய பிறகு குறைந்தது 72 மணி நேரம் பைப் கூடவே கூடாது. உறிஞ்சும் இழுப்பில் குழியிலுள்ள ரத்தக்கட்டி பெயர்ந்து, எலும்பு வெளியே தெரிந்து, தாங்க முடியாத வலி வரலாம். அறுவைசிகிச்சை என்றால் 4 வாரம் முன்பே நிறுத்துவது காயம் ஆறவும் நுரையீரல் சிக்கல் குறையவும் உதவும். இப்படி நிறுத்துபவர்கள் பைப்பைச் சுத்தம் செய்து மூடிய அலமாரியில் வைக்கட்டும். சூடாக இருக்கும்போது மட்டும் தண்டைக் கழற்றாதீர்கள், இணைப்பு விரிசல் விடும். நாலு வாரம் நிகோடின் இல்லாமல் கடந்த உடம்புக்கு மிகக் கடினமான பகுதி முடிந்துவிட்டது. அந்த நாளில் மறுபடி தொடங்காமல் இருப்பதே எளிது.

இன்னும் தொடங்காதவர்களுக்கு

நறுமணத்தைப் பார்த்து ஆசைப்படுகிறீர்கள் என்றால், அந்த மணம் பக்கத்தில் இருப்பவருக்குத்தான். பிடிப்பவரின் நாக்குக்கு அதில் பாதிகூட எட்டாது. புதியவர்கள் பலர் முதல் சில கிண்ணங்களிலேயே வியர்த்து, முகம் வெளிறி, வாந்தி வரும் நிலைக்குப் போவார்கள். அது நிகோடின் அளவு மீறியதன் அறிகுறி. ஃபில்டர் வைத்த பைப்பானாலும் புற்றுநோய் அபாயம் நீங்காது. பைப் பிடிப்பவர்களின் கீழுதட்டில் கட்டி வருவதை ஜெர்மன் மருத்துவர் சாமுவேல் தாமஸ் சோமெரிங் 1795-லேயே குறித்திருக்கிறார். 1964-ல் வெளிவந்த அமெரிக்க சர்ஜன் ஜெனரல் (அந்நாட்டின் தலைமைப் பொதுச் சுகாதார அதிகாரி) அறிக்கையும் உதட்டுப் புற்றுநோய்க்குப் பைப்பைக் காரணமாகக் காட்டியது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் என்று பட்டியல் அதன் பிறகு நீண்டுவிட்டது.

விட்ட பிறகு வாயைப் பாருங்கள்

மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று, உதட்டின் உட்புறம், இரு கன்னம், நாக்கின் பக்கவாட்டு, நாக்கின் அடி, மேலண்ணம் என்று வரிசையாகப் பாருங்கள். மேலண்ணம் வெளுத்து நடுவே சிவப்புப் புள்ளிகளோடு இருந்தால் அது பெரும்பாலும் சூட்டால் வந்தது. புகை நின்ற சில வாரங்களில் தானாகவே மறையும். வழித்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வலியே இல்லாத புண், தடிப்பு ஆகியவற்றில் எதுவும் 2 வாரத்துக்கு மேல் நின்றால் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பைப் தண்டு வழக்கமாக உட்கார்ந்த பக்கம் எது, எத்தனை வருடம் பிடித்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்து உதட்டையும் கன்னத்தையும் அவர் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்.