எண்ணிக்கையைத் துரத்தும் ஆள்சேர்ப்பு: காவலர் பயிற்சித் திட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் பெருமளவில் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் வட்டாரங்களில், காவலரும் குடியிருப்பாளரும் கூடிப் பேசும் சமூகக் காவல் மன்றம் கூடும்போதெல்லாம் நம்மவர்கள் தவறாமல் எழுப்பும் முறையீடு, காவலர்கள் போதவில்லை என்பதுதான். 2021 ஜூலைக் கலவரத்தில் காவல் நிலையங்கள் திணறி, குடியிருப்பாளர்களே தெருமுனைகளில் தடுப்பு அமைத்து நின்றதையும், அந்த நாட்களில் பீனிக்ஸில் உயிர்கள் பறிபோனதையும் அறிந்தவர்களுக்கு இந்த முறையீட்டின் நியாயத்தை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஆயினும், எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பதை மட்டுமே வெற்றியின் அளவாகக் கொள்ளும் ஆள்சேர்ப்புத் திட்டம் அந்தக் குறையைத் தீர்ப்பதில்லை. பத்தாண்டுகள் கழித்து வெளிப்படும் வேறொரு குறையை அது விதைத்துவிடுகிறது.

இதற்கான சான்று தென்னாப்பிரிக்கக் காவல் சேவையின் அண்மை வரலாற்றிலேயே உள்ளது. 2000-களின் தொடக்கத்தில் சுமார் 1 இலட்சத்து 30 ஆயிரமாக இருந்த அதன் மொத்தப் பணியாளர் தொகை, 2010 உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியையும் மிகுந்திருந்த குற்றங்களையும் முன்னிட்டு நடந்த பெருமளவு ஆள்சேர்ப்பால், பத்தே ஆண்டுகளில் ஏறக்குறைய 2 இலட்சத்தை எட்டியது. பயிற்சிக் கல்லூரிகளின் இடவசதியும் பயிற்றுநர் தொகையும் அதே வேகத்தில் வளரவில்லை. 2013-இல், பணியில் இருப்பவர்களுள் 1,448 பேர் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்றவர்கள் என்ற தணிக்கை விவரம் நாடாளுமன்றக் குழுவின் முன் வைக்கப்பட்டது. அவர்கள் அனைவரும் அவசரச் சேர்க்கையில் நுழைந்தவர்கள் என்று சொல்வது நியாயமாகாது. ஆனால் வாயிலில் காவல் தளர்ந்தால் உள்ளே யார் வருவார்கள் என்பதை நாட்டுக்கே உணர்த்திய எண் அது.

முதல் தவறு பணத்தைக் கையாளும் முறையில் இருக்கிறது. அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தொடங்கி மார்ச் 31-ஆம் நாள் முடிகிறது. அதற்குள் செலவாகாத ஒதுக்கீடு, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல ஒப்புதல் கிடைக்காவிட்டால், கருவூலத்துக்கே திரும்பிவிடும். ஆகவே விளம்பரம் தாமதமானால் அந்தத் தாமதத்தை ஈடுகட்ட இடையிலுள்ள படிகளைச் சுருக்கும் ஆசை அதிகாரிகளுக்கு எழுகிறது. விளம்பரம், எழுத்துத் தேர்வு, உளவியல் தேர்வு, உடற்தகுதித் தேர்வு, மருத்துவச் சோதனை, பின்புலச் சரிபார்ப்பு என்ற வரிசையில் கடைசியில் நிற்பதுதான் முதலில் பலியாகிறது. நிதியாண்டின் நாட்காட்டிக்கு ஏற்பத் தேர்வை நெருக்காமல், முந்தைய ஆண்டிலேயே தேர்வை முடித்து, தகுதி பெற்றவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் பணத்தில் அவர்களைக் கல்லூரிக்கு அழைப்பதே சரியான வழி.

பணத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். காவல் துறையின் செலவில் முக்கால் பங்குக்கு மேல் சம்பளத்துக்கும் படிகளுக்குமே போகிறது. பயிற்சி பெறுபவருக்குக் கல்லூரியில் கொடுக்கும் உதவித்தொகை சிறியது என்பதால் திட்டம் மலிவாகத் தோன்றும். ஆனால் அவர் கான்ஸ்டபிள் ஆன நாளிலிருந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தச் சம்பளம் நிலையான சுமையாகிறது. மீதமுள்ள சிறு பங்கிலிருந்துதான் வாகனம், எரிபொருள், குண்டு துளைக்காத அங்கி, சுடுபயிற்சிக்கான தோட்டா எல்லாம் வர வேண்டும். 2022 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் 12 ஆயிரம் புதிய காவல் பணியாளர்களை அறிவித்தபோது மக்கள் மகிழ்ந்தது இயல்பே. அத்தனை பேரும் எந்த வண்டியில் ஏறி ரோந்து போவார்கள் என்பதையும் அறிவிக்கும் அன்றே கணக்கிட்டாக வேண்டும்.

பின்புலச் சரிபார்ப்பு என்பது கைரேகையை எடுத்துக் குற்றப் பதிவேட்டோடு ஒப்பிடுவதோடு முடியக்கூடாது. தீர்ப்பு வராத வழக்குகளும், வீட்டுக்குள் நடந்த வன்முறைக்காக நீதிமன்றம் பிறப்பித்த பாதுகாப்பு ஆணைகளும் அந்தப் பதிவேட்டில் குற்றத் தீர்ப்பாக இடம்பெறுவதில்லை. மனுதாரர் வாழும் தெருவில் விசாரிப்பதும், அவர் படித்த பள்ளியிலும் வேலை பார்த்த இடத்திலும் கேட்பதும் மெதுவான வேலைகள்; ஆனால் அவை தரும் செய்தியை எந்தக் கணினியும் தராது. வேலையின்மை மிகுந்த நாட்டில் காவல் பணியிடத்துக்கு விலை பேசும் இடைத்தரகர்களும் இந்தக் கட்டத்தில்தான் புகுகிறார்கள். விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது என்பதை விளம்பரத்தின் முதல் வரியிலேயே, ஆங்கிலத்தில் மட்டுமின்றி ஜூலு மொழியிலும் அச்சிட வேண்டும். பணம் கொடுத்து நுழைந்தவர் அதைத் தெருவில் வசூலிக்கத்தான் பார்ப்பார்.

பயிற்சியின் உள்ளடக்கத்தில் நிகழும் தவறு, கண்ணுக்குத் தெரிவதற்கு முதலிடம் தருவது. அணிவகுப்பு மைதானத்தில் ஒரே சீராகக் கால் பதிப்பதைக் காணும் பெற்றோரின் பெருமிதம் நியாயமானது. சாட்ஸ்வர்த்தில் உள்ள பயிற்சிக் கல்லூரியின் நிறைவு அணிவகுப்பைப் பார்க்கக் குடும்பங்கள் தொலைதூரங்களிலிருந்து வருகின்றன. ஆனால் காவலரின் அன்றாட வேலை வேறு. கழுத்துச் சங்கிலியைப் பறிகொடுத்த ஒரு பாட்டி நிலையத்துக்கு வந்து நடுங்கிய குரலில் பேசுகிறார். எதிரே இருக்கும் இளைஞர், சங்கிலி பறிபோனது என்று இரண்டு வரி எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால், அந்த வழக்குக் கோப்பு அன்றே செத்துவிட்டது. திருடன் எந்தப் பக்கமிருந்து வந்தான், அவன் முகத்தை எவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தார், தெருவிளக்கு எரிந்ததா, மீண்டும் கண்டால் அடையாளம் காட்ட முடியுமா என்று பொறுமையாகக் கேட்டு எழுதினால்தான் அரசு வழக்குரைஞருக்கு அது பயன்படும். இந்தத் திறன் விரிவுரையால் வருவதில்லை. பலமுறை எழுதி, திருத்தம் பெற்று, மறுபடியும் எழுதித்தான் வரும். 2012-இல் வெளியான தேசிய வளர்ச்சித் திட்டம் காவல் துறை இராணுவத் தன்மையைக் கைவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16 அன்று மாரிகானா சுரங்கப் பகுதியில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள்மீது காவலர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 34 பேர் மாண்டனர். கட்டளைக்குக் கீழ்ப்படியக் கற்பிக்கும் அதே அக்கறையோடு, எப்போது சுடாமல் இருக்க வேண்டும் என்பதையும் கற்பிக்காத பயிற்சி ஆபத்தானது.

எல்லாவற்றிலும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது கல்லூரிக்குப் பிந்தைய களப்பயிற்சிதான் என்பது என் உறுதியான கருத்து. அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு ஒவ்வொரு பணியையும் பழக வேண்டிய புதியவர், ஆள் குறைவான நிலையத்தில் முதல் வாரமே தனியாக முகப்பு மேசையில் அமர்த்தப்படுகிறார். அவர் வழிகாட்டியாகக் கொண்டவர் சலித்துப்போனவராகவோ கையூட்டுக்குப் பழகியவராகவோ இருந்தால், கல்லூரியில் கற்ற அத்தனையும் சில மாதங்களில் கரைந்துவிடும். ஆகவே வழிகாட்டிகளையும் தேர்வு செய்ய வேண்டும். அவர்களுக்குத் தனிப் படி வழங்க வேண்டும். அவர்களின் வழக்கமான பணிச்சுமையையும் குறைக்க வேண்டும்.

புதியவர்களை எங்கே அனுப்புவது என்பதிலும் பழைய வழக்கத்தையே பின்பற்றக்கூடாது. கேப் டவுனின் கயெலிட்ஷா பகுதியை ஆராய்ந்து 2014-இல் அறிக்கை அளித்த ஆணையம், ஏழைகள் நெருங்கி வாழும், குற்றம் மிகுந்த இடங்களுக்கே மக்கள்தொகை விகிதப்படி குறைவான காவலர்கள் ஒதுக்கப்பட்டதைச் சுட்டிக்காட்டியது. பங்கீட்டு முறை மாறாதவரை புதிய சேர்க்கையும் பழைய வாய்க்காலிலேயே பாயும்.

நாடாளுமன்றக் குழுவுக்குத் தரப்படும் ஆண்டறிக்கையில் பயிற்சி முடித்தவர் தொகையோடு, மூன்றாண்டுகள் கழித்தும் பணியில் நீடிப்பவர் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர்மீது காவலர்களின் முறைகேடுகளை விசாரிக்கும் சுயேச்சை அமைப்பிடம் புகார் பதிவாகியுள்ளது, எந்தக் கல்லூரியில் எந்த அணியில் பயின்றவர்கள் அவர்கள் என்ற விவரங்களும் இடம்பெற வேண்டும். இவற்றை நிலையவாரியாகச் சமூகக் காவல் மன்றங்களுக்கும் கொடுத்தால், அடுத்த கூட்டத்தில் நம் மக்கள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு, வருபவர்களுக்கு வழிகாட்டி யார் என்றும் கேட்க முடியும்.