பத்து வயதில் பிரியும் பாதை: பிள்ளையோடு ஜெர்மனிக்குக் குடிபெயர்வோருக்கு ஒரு வழிகாட்டி

வேலை நிமித்தம் குடும்பத்தோடு ஜெர்மனிக்குச் செல்பவர்கள் விசாவுக்கும் வீட்டுக்கும் காட்டும் அக்கறையில் பாதியையாவது பிள்ளையின் பள்ளிக்கு முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் படிப்பு பிளஸ் டூ பொதுத்தேர்வில்தான் திசை திரும்பும் என்று நாம் பழகியிருக்கிறோம். ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அந்தத் திருப்பம் நான்காம் வகுப்பின் முடிவில், பிள்ளைக்கு ஏறத்தாழ பத்து வயதாகும்போதே வந்துவிடுகிறது. அப்போதே பிள்ளைகள் வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரிகிறார்கள். இது தெரியாமல் வந்து இறங்கும் குடும்பங்கள்தான் அதிகம் திணறுகின்றன.

எனவே முதல் வேலை, எந்த மாநிலத்துக்குப் போகிறோம் என்பதைப் பார்ப்பது. ஜெர்மனியில் 16 மாநிலங்கள் உள்ளன. பள்ளிக் கல்வி முழுக்க மாநிலங்களின் அதிகாரத்தில் இருக்கிறது, நம் சி.பி.எஸ்.இ. போல நாடு முழுவதற்குமான வாரியம் எதுவும் அங்கு இல்லை. தொடக்கப் பள்ளியான கிரண்ட்ஷூலே பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறு ஆண்டுகள். மியூனிக் நகரம் இருக்கும் பவேரியாவில் மதிப்பெண்ணே பிள்ளையின் பாதையைத் தீர்மானிக்கிறது. கொலோன், டியூசல்டார்ஃப் நகரங்கள் இருக்கும் நார்த்ரைன்-வெஸ்ட்ஃபாலியாவில் எந்த வகைப் பள்ளி என்பதில் ஆசிரியரின் பரிந்துரை வெறும் ஆலோசனைதான், முடிவு பெற்றோருடையது. இரண்டு நகரங்களில் வேலை கிடைத்து, எதை ஏற்பது என்று யோசிப்பவர்கள் சம்பளத்தோடு இதையும் தராசில் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்ததாக, நான்காம் வகுப்பிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அங்கு ஒன்றாம் வகுப்பு ஆறு வயதை ஒட்டித் தொடங்குகிறது. நம் ஊரில் ஐந்து வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை அங்கு வயதுப்படி ஒரு வகுப்பு கீழே சேர்த்தால் மனம் வருந்த வேண்டாம். மொழி கற்க ஓர் ஆண்டு கூடுதலாகக் கிடைக்கிறது. ஏழு வயதில் வரும் பிள்ளைக்கு அந்தத் திருப்பத்துக்கு முன் மூன்று ஆண்டு அவகாசம் இருக்கும். ஒன்பதரை வயதில் வரும் பிள்ளைக்குச் சில மாதங்களே இருக்கும். பயணத்தை ஓர் ஆண்டு முன்னோ பின்னோ நகர்த்த வாய்ப்பிருந்தால், இந்தக் கணக்கைப் பார்த்தே நகர்த்துங்கள்.

பிரியும் பாதைகள் இவை: பல்கலைக்கழகத்தை நோக்கிய கிம்னாசியம், பத்தாம் வகுப்போடு நிறைவடையும் ரியால்ஷூலே, தொழிற்பயிற்சியை நோக்கிய ஹவுப்ட்ஷூலே. பவேரியாவில் மூன்றாவதற்கு மிட்டல்ஷூலே என்று பெயர். எல்லாரையும் ஒன்றாகப் படிக்கவைக்கும் கெசாம்ட்ஷூலே சில மாநிலங்களில் பரவலாக உண்டு. பவேரியாவில் ஜெர்மன், கணிதம், ஊரும் சுற்றுப்புறமும் பற்றிய பாடம் ஆகிய மூன்றின் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறந்ததாக (அங்கு எண் குறையக் குறையச் சிறந்தது) இருந்தால் கிம்னாசியம், 2.66 வரை என்றால் ரியால்ஷூலே. இதற்கான சான்றிதழ் நான்காம் வகுப்பில் மே மாதத் தொடக்கத்தில் வரும். சராசரி எட்டாவிட்டால் மூன்று நாள் சோதனை வகுப்பில் கலந்துகொள்ளலாம்.

மதிப்பெண் 1 முதல் 6 வரை. 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சி, 5-உம் 6-உம் தேர்ச்சியல்ல. இந்தத் தலைகீழ் வரிசை ஒரு வாரத்தில் பழகிவிடும். வகுப்பில் வாய் திறந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு என்பதுதான் பழக நாளாகும். எங்கள் மகள் மூன்றாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுகளில் ஒன்றும் இரண்டுமாக வாங்கிக்கொண்டிருந்தாள். ஆண்டறிக்கையில் மூன்று வந்தது. காரணம் கேட்கப் போனபோது ஆசிரியை சொன்னார்: "அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவள் விரலை உயர்த்துவதே இல்லை." கை கட்டி வாய் பொத்தி உட்கார்வதுதான் மரியாதை என்று நாங்கள் ஊட்டி வளர்த்ததை அவள் அப்படியே கடைப்பிடித்திருக்கிறாள். அன்றிலிருந்து இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொருவரும் ஒரு கருத்தையும் அதற்கான காரணத்தையும் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். காரணம் சொல்ல ஜெர்மனில் 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கினால், எழுத்து ஜெர்மனில் வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் போய் நிற்கும். அதை அவள் எங்களைவிட விரைவாகப் பிடித்துக்கொண்டாள். நீங்களும் புறப்படுவதற்கு முன்பே இந்தப் பழக்கத்தைத் தமிழிலேயே தொடங்கிவிடலாம்.

ஆவணங்களில் மொழிபெயர்க்கப்பட்ட பிறப்புச் சான்றிதழ், முந்தைய பள்ளியின் மதிப்பெண் அறிக்கைகள், தடுப்பூசி அட்டை ஆகிய மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசி போட்டதற்கான சான்று சட்டப்படி கட்டாயம். குடியிருப்பைப் பதிவு செய்தபின்தான் பள்ளிச் சேர்க்கை நடக்கும். அரசுப் பள்ளியில் கட்டணம் கிடையாது. வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்க அனுமதி இல்லை.

மொழி தெரியாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்புகள் உண்டு; பெர்லினில் அதை வில்கொம்மன்ஸ் வகுப்பு என்கிறார்கள், பவேரியாவில் டாய்ச் வகுப்பு. சேர்க்கும் நாளிலேயே மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வழக்கமான வகுப்புக்கு எப்போது மாற்றுவீர்கள், கணிதத்தையாவது இப்போதே மற்றப் பிள்ளைகளோடு படிக்க முடியுமா, முதல் ஆண்டில் ஜெர்மன் பாடத்துக்கு மதிப்பெண் இடுவீர்களா. வீட்டில் அரைகுறை ஜெர்மன் பேசி மொழியைச் சீக்கிரம் கற்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். தமிழில் செறிவாகப் பேசுங்கள். யோசிக்கும் ஆற்றல் ஒரு மொழியில் ஊன்றினால்தான் இன்னொன்றுக்குப் போகும்.

விடுமுறை விஷயத்தில் கண்டிப்பு அதிகம். பொங்கலுக்கு ஊருக்குப் போக நினைத்தால் ஜனவரி நடுவில் விடுமுறை இருக்காது. பயணச்சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று விடுமுறைக்கு இரண்டு நாள் முன்பே அனுமதியின்றிப் புறப்பட்டால் அபராதம் வரலாம். முன்கூட்டி எழுத்தில் விண்ணப்பியுங்கள்.

கிம்னாசியம் கிடைக்கவில்லை என்றால் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று அழுத பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ரியால்ஷூலேயை நன்றாக முடித்த பிள்ளை மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகவோ, கிம்னாசியத்தின் மேல் வகுப்புக்கு மாறியோ உயர்கல்விக்குப் போகலாம். அவுஸ்பில்டுங் எனும் தொழிற்பயிற்சியில் இரண்டு முதல் மூன்றரை ஆண்டுகள் நிறுவனத்தில் வேலையும் பள்ளியில் பாடமும் மாறி மாறி நடக்கும். பெரும்பாலான பயிற்சிகளில் உதவித்தொகையும் உண்டு. அதன்பின் அந்தத் தொழிலில் மைஸ்டர் எனும் மேல்நிலைத் தகுதி பெற்றவருக்கும் பல்கலைக்கழகக் கதவு திறந்திருக்கிறது. மறுபுறம், வற்புறுத்திக் கிம்னாசியத்தில் சேர்த்த பிள்ளை ஆறாம் அல்லது ஏழாம் வகுப்பில் பிரெஞ்சோ இலத்தீனோ இரண்டாம் அயல்மொழியாகச் சேரும்போது சோர்ந்துபோவதும் உண்டு. கிம்னாசியத்தின் இறுதித் தகுதியான அபிட்டூரின் 900 புள்ளிகளில் 600 கடைசி இரண்டு ஆண்டு வகுப்புகளிலிருந்தும் 300 மட்டுமே இறுதித் தேர்வுகளிலிருந்தும் வருகின்றன. கடைசி மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்துக் கரையேறும் நம் பிளஸ் டூ வழக்கம் அங்கு உதவாது. அதனால் நான்காம் வகுப்பு தொடங்கியதுமே வகுப்பாசிரியரிடம் நேரம் வாங்கி, எந்தப் பள்ளியில் என் பிள்ளை களைப்பின்றிப் படிப்பாள் என்று கேளுங்கள். அவர் தரும் பதிலை எழுதி வைத்துக்கொண்டு, அரையாண்டு கழித்து மறுபடியும் போய்க் கேளுங்கள்.