கட்டட எட்சிங் ஒன்றைக் கோடு கோடாகப் பார்ப்பது எப்படி?

எட்சிங் என்பது செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளங்களில் மை நிரப்பி, தாளில் அழுத்தி எடுக்கும் அச்சுப்படம். அதில் ஒரு கோடு கறுப்பாக இருந்தால், வரைந்தவர் அழுத்தி வரைந்தார் என்று எண்ண வேண்டாம். அமிலம் அதைக் கூடுதல் நேரம் அரித்திருக்கிறது. செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் மெழுகை மட்டும் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். மெலிதாக வேண்டிய கோடுகள் அரிபட்டதும் தகட்டை வெளியே எடுத்து, அவற்றை வார்னிஷால் அடைத்துவிட்டு மீண்டும் இறக்குவார்கள்.

தேவை: நகைக்கடையில் பார்க்கும் 10 மடங்கு லென்ஸ், சின்ன டார்ச்.

படி 1: டார்ச்சைத் தாளோடு தாளாகச் சாய்த்துப் பிடியுங்கள். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் தெரியும் (ஓரம் வெட்டப்பட்டிருந்தால் தெரியாது). மை சற்றே மேடிட்டு நிற்கும். லென்ஸில் கோடு புள்ளி புள்ளியாகப் பிரிந்தால் அது அச்சகப் பிரதி, அதோடு விட்டுவிடலாம்.

படி 2: கோட்டின் நுனியைப் பாருங்கள். மழுங்கியிருந்தால் பெரும்பாலும் எட்சிங். ஊசிபோல் கூர்ந்து முடிந்தால் உளியால் நேரே செதுக்கியது.

படி 3: தூரத்துக் கோபுரம், நடுச்சுவர், முன்தூண் என்று எத்தனை கனத்தில் கோடுகள் உள்ளன என எண்ணுங்கள். அமிலத்தில் குறைந்தது எத்தனை முறை இறக்கினார்கள் என்பதை அது ஏறக்குறையச் சொல்லிவிடும். இத்தாலிய எட்சிங் கலைஞர் பிரானேசியின் கற்பனைச் சிறைக்கூடப் படங்கள் இதற்கு நல்ல பாடம். 1750 வாக்கில் வந்த 14 தகடுகளை அவரே திருத்தி, 2 புதிதாகச் சேர்த்து, 1761இல் இன்னும் இருட்டாக வெளியிட்டார். ஒரே படத்தின் இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

படி 4: நிழலுக்குள் போங்கள். உருண்டைத் தூணில் கோடு வளையும், கூரையில் ஓட்டுச் சரிவோடு இறங்கும். குறுக்குக்கோடுகள் மிக நெருங்கினால் இடையிலுள்ள செம்பும் கரைந்து அகலமான பள்ளமாகிவிடும். அதில் மை நிற்காது. கரிய நிழலுக்கு நடுவே சாம்பல் திட்டு தெரிவது இதனால்தான்.

தக்கலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் பயிற்சிக்களம் பத்மநாபபுரம் அரண்மனை. உச்சிவெயிலில் இறவாரத்து நிழலையும் மரச் சாளரங்களையும் மூன்றே கனமுள்ள கோடுகளால் பென்சிலில் வரைந்து பாருங்கள். எதை மெலிதாக விடுவது என்பதுதான் கடினம்.

இரண்டு பருவமழையும் கொட்டும் ஊர் இது. பழைய தாளில் பழுப்புப் புள்ளி வந்தால் மெழுகு விட்டுப்போய் அமிலம் புகுந்த குறை என்று நினைத்துவிடுவார்கள். சாய்ந்த வெளிச்சத்தில் அமிலப் புள்ளி கறுத்து மேடிட்டுத் தெரியும். பூஞ்சைக் கறை தாளோடு தட்டையாகக் கிடக்கும். அதைத் துடைக்கப் போகாதீர்கள், தாள்தான் நாராகும்.