சீட்டில் ‘ஏடிஹெச்டி’ என்று எழுதியிருக்கிறது: அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும் முன்

நீலகிரியின் பந்தலூரிலிருந்தோ மஞ்சூரிலிருந்தோ முதல் பஸ் பிடித்துக் கோவைக்குப் போய், பத்து நிமிடம் பிள்ளையை டாக்டரிடம் காட்டி, ‘ஏடிஹெச்டி’ (கவனக்குறைவோ துறுதுறுப்போ அளவுக்கு மீறிய நிலை) என்றோ ‘ஆட்டிசம்?’ (பிறரோடு பழகுவதிலும் பேசுவதிலும் சிரமம் இருக்கும் வளர்ச்சிக் குறைபாடு) என்றோ எழுதிய சீட்டோடு திரும்பியிருப்பீர்கள். முதலில் அந்தக் கேள்விக்குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டருக்குச் சந்தேகம்தான், இன்னும் முடிவு செய்யவில்லை. இல்லாவிட்டாலும், ‘எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தீங்க?’ என்று கேட்கலாம். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

ஏடிஹெச்டி ரத்தப் பரிசோதனையில் தெரியாது, ஸ்கேனிலும் தெரியாது. மனநல டாக்டர்கள் பின்பற்றும், 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற கையேடு கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும், துறுதுறுப்பு, அவசரபுத்தி இரண்டுக்கும் சேர்த்து 9 அறிகுறிகளையும் சொல்கிறது. 16 வயது வரை உள்ள பிள்ளைக்கு ஏதாவது ஒரு பிரிவில் 6 அறிகுறிகளாவது 6 மாதமாக இருக்க வேண்டும். சிலவாவது 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரிய வேண்டும். பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசி விதியில்தான். பள்ளியிலிருந்து ஒரு வரிகூட வராமல் அம்மா சொன்னதை மட்டும் வைத்து எழுதிய சீட்டு பாதி வேலைதான்.

ஆகவே டீச்சருக்கான படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். ஏடிஹெச்டி அறிகுறிகளைக் கேட்கும் வாண்டர்பில்ட் படிவம் என்றால் பெற்றோருக்கு 55 கேள்விகள், டீச்சருக்கு 43. ஜூனில் பள்ளி திறந்த கையோடு புது டீச்சர் நிரப்பினால் பயனில்லை. பிள்ளையைச் சில வாரமாவது பார்த்துப் பழகியவர் நிரப்ப வேண்டும். உங்கள் படிவத்தைப் பார்த்து அவர் எழுதக் கூடாது. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். வீட்டில் அமைதியாக இருப்பவன் வகுப்பில் மட்டும் துள்ளுகிறான் என்றால், பாடம் புரிகிறதா, மொழி புரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

மொழி விஷயத்தை நீலகிரியில் லேசாக விடாதீர்கள். வீட்டில் படுகர்களின் படுகு மொழி, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ் என்று வளரும் பிள்ளை, ஆங்கிலத்தில் நடத்தும் சோதனையில் ‘சொன்னதைக் கேட்பதில்லை’ என்று பெயர் வாங்கிவிடும். பிள்ளை எந்த மொழியில் சண்டை போடுமோ, அந்த மொழியில் மதிப்பீடு நடந்ததா என்று கேளுங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரம் எழுதி வையுங்கள். ‘எப்பவும் அடம்’ என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது. ‘மாலை 4.40, வேனை விட்டு இறங்கினான், ஷூவைக் கழற்றச் சொன்னேன், பையை எறிந்தான், 12 நிமிடம் கத்தினான், டிவி போட்டதும் அடங்கினான்’: இப்படி வேண்டும். முன்னால் என்ன நடந்தது, பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது கட்டாயம். செல்போனில் இரண்டு நிமிட வீடியோ மூன்று நான்கு போதும். அதில் ஒன்று தூங்கும்போது எடுத்ததாக இருக்கட்டும். மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையோ தொண்டையில் உள்ள டான்சிலோ வீங்கிக் குறட்டை விடும் பிள்ளை, தூக்கம் கெட்டுப் பகலில் துறுதுறுப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

காதுப் பரிசோதனை ஆகியிருக்கிறதா? குளிரில் சளி விடாத பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்கிக் காது மந்தமாவது உண்டு. கூப்பிட்டால் திரும்பாது, ஆட்டிசமோ கவனக்குறைவோ என்று தோன்றும். கண், ஹீமோகுளோபின், தைராய்டு ஆகியவற்றையும் கேளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டாலும் உணராமல், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதற்கு மூளையின் மின் அலைகளைப் பதியும் இஇஜி எடுப்பார்கள்.

ஆட்டிசத்துக்கு நம் நாட்டில் ஐஎஸ்ஏஏ என்ற அளவுகோல் உண்டு. 40 கேள்விகள், மதிப்பெண் 70க்குக் கீழ் என்றால் ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது. ‘இருக்கு’ என்று மட்டும் கேட்டுக்கொண்டு வராமல் மதிப்பெண்ணையும் எழுதி வாங்குங்கள். ஏடிஹெச்டியும் ஆட்டிசமும் ஒரே பிள்ளைக்குச் சேர்ந்தும் இருக்கலாம். சான்றிதழில்தான் வித்தியாசம்: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உண்டு, ஏடிஹெச்டி தனியாக இல்லை. அடையாள அட்டைக்கு அலையும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பயணத்துக்கு வருவோம். கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து வாந்தி மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போனால், பிள்ளை சோதனையில் தூங்கி வழியும். முடிந்தால் முந்தின நாளே இறங்கித் தங்குங்கள். இல்லையென்றால் மாத்திரை கொடுத்ததைச் சொல்லிவிடுங்கள். காது, கண், ரத்தம் இவற்றுக்குக் கோவை வரை போக வேண்டுமா என்று ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். அரசுப் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பிள்ளைகளைப் பரிசோதிக்க வரும் ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழுவிடமும் சொல்லலாம். 18 வயது வரை பார்ப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் யார் என்று ஹெச்.எம்.மிடம் கேளுங்கள். இடையில் மனம் தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

6 வயதுக்குக் கீழ் என்றால் முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி. மாத்திரை பிறகுதான். முதல் சந்திப்பிலேயே மாத்திரை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். பெரிய பிள்ளைக்கு மீதைல்ஃபெனிடேட் என்ற ஏடிஹெச்டி மாத்திரை எழுதியிருந்தால், தொடங்கும் முன் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் குறித்து வைக்க வேண்டும். பசி குறையும், சிலருக்குத் தூக்கம் தள்ளிப்போகும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்த பிறகு கொடுக்கச் சொல்வார்கள். இது கட்டுப்பாட்டு மருந்து, ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் உள்ளது. சீட்டு இரண்டு பிரதியாக வேண்டும், சின்ன ஊர் மெடிக்கலில் பெரும்பாலும் இருக்காது. ஊர் திரும்பும் பஸ் ஏறும் முன்பே, அடுத்த சந்திப்பு வரைக்கும் எண்ணி வாங்கிவிடுங்கள்.