வெளியே போயும் வீட்டுப் பேச்சுதான்

எங்களுக்குக் கல்யாணமாகி 14 வருஷம். 2 வருஷத்துக்கு முன்னால் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, ரொம்ப நாள் கழித்து நாங்கள் இருவர் மட்டும் சாப்பிடப் போனோம். சூப் வருவதற்குள் பெரியவனின் டியூஷன் ஃபீஸ். பிரியாணி வருவதற்குள் தண்ணீர் மோட்டார் ரிப்பேர். பில் வருவதற்குள் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு மொய். வீட்டுக்குத் திரும்பும்போது அவர், "நல்லா இருந்துச்சுல்ல?" என்றார். பிரியாணி நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக் கணக்கைக் கூடவே தூக்கிக்கொண்டு போவதுதான் பலரும் செய்கிற முதல் தவறு. "இன்னைக்குப் பிள்ளைங்க பேச்சே கூடாது" என்று சட்டம் போட்டும் பார்த்தோம். பத்து நிமிஷம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். இப்போதெல்லாம் கிளம்பும் முன் டீ குடித்துக்கொண்டே கால் மணி நேரம் கணக்கு வழக்கைப் பேசித் தீர்த்துவிடுகிறோம். தீராதது நோட்டில் ஏறிவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, "எங்கே போகணும்னு நீயே சொல்லு" என்பது. கேட்க விட்டுக்கொடுப்பது போலத்தான் இருக்கும். இடம் பார்ப்பது, டேபிள் சொல்லி வைப்பது, பிள்ளைகளுக்கு மாவு இருக்கிறதா என்று பார்ப்பது, அம்மாவிடம் கெஞ்சுவது என எல்லாமே அதைக் கேட்டவள் தலையில் வந்து விழும். கிளம்பும்போதே களைத்துப் போயிருப்பாள். முறை வைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. ஒருமுறை அவர், ஒருமுறை நான். யார் முறையோ அவருக்குத்தான் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற ஏற்பாடும். மற்றவர் "இங்கேயா?" என்று முகம் சுளிக்கக் கூடாது. எனக்குத்தான் இது கஷ்டம்.

அவருடைய முதல் முறை ஒரு டிசம்பர் மத்தியானம். சீசன் நேரத்தில் பல சபாக்களில் பகல் கச்சேரிக்கு டிக்கெட் கிடையாது. அப்படி ஒன்றுக்குக் கூட்டிப் போனார். இரண்டு பேருக்கும் ராகம் ஒன்றும் தெரியாது. பக்கத்து மாமி தொடையில் தாளம் போடுவதைப் பார்த்து நானும் போட்டேன். எல்லாம் தப்புத் தப்பாக. அப்புறம் கேன்டீனில் இலை போட்ட சாப்பாடு. அன்று பேச எங்களுக்கு விஷயம் பஞ்சமில்லை.

அதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவர் கூட்டாளிகளும் 53 தம்பதிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 1993இல் வெளியிட்டார்கள். 10 வாரம், வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம். ஒரு பிரிவினர் தங்களுக்குப் பரபரப்பாகத் தோன்றும் காரியங்களைச் சேர்ந்து செய்தார்கள். இன்னொரு பிரிவினர் இதமான, இனிமையான காரியங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். மணவாழ்க்கையில் திருப்தி கூடியது முதல் பிரிவினருக்குத்தான் அதிகம். பிறகு ஒரு சோதனையில் கணவன் மனைவியின் கையையும் காலையும் சேர்த்துக் கட்டித் தவழவே விட்டிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே ஹோட்டல், அதே பட்டர் நான் என்றால் அலுக்காமல் என்ன செய்யும்?

சினிமா தப்பில்லை. ஆனால் மூன்று மணி நேரம் இருட்டில் திரையைப் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தால் எப்போது பேசுவது? முடிந்ததும் ஒரு காபிக்காவது உட்காருங்கள். போனை மேஜைமேல் வைக்காதீர்கள். அம்மாவின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைத்துக் கைப்பையில் போட்டுவிடுங்கள்.

எல்லா ஆசையையும் கல்யாண நாளில் கொண்டுபோய்க் குவிப்பதும் வேண்டாம். அன்றைக்கென்று ஒருவருக்கு ஜலதோஷம் பிடிக்கும். சாதாரண செவ்வாய்க்கிழமை போதும். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை பெசன்ட் நகர் கடற்கரையில் சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். அந்த வெள்ளை நினைவுச் சின்னத்தைக் காட்டி, "இது யாருக்குக் கட்டினது?" என்றார். இத்தனை வருஷமாக அதன் பக்கத்திலேதான் வண்டி நிறுத்துகிறோம். எழுந்து போய்க் கல்வெட்டைப் படித்தோம். கார்ல் ஷ்மிட். 1930இல் மற்றவர்களைக் காப்பாற்றப் போய் இந்தக் கடலில் மூழ்கியவர். "உனக்கு நீச்சல் தெரியுமா?" என்று கேட்டார். 14 வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி.

அடுத்த முறை என்னுடையது. இடம் முடிவாகிவிட்டது, அவரிடம் சொல்லவில்லை. மோட்டார்காரரை மட்டும் வேறொரு நாள் வரச் சொல்லிவிட்டேன்.