சலம் (சிறுநீர்) வேறு நிறத்தில் போனால்: எதைப் பார்ப்பது, எப்போது டொக்டரிடம் போவது

நான் டொக்டர் இல்லை. சலக்கடுப்பு வந்து, கலங்கலாகப் போய், டெஸ்ட் எல்லாம் செய்து சுகமான பிறகு எழுதுவது இது. நிறைய தண்ணீர் குடி, அடக்கி வைக்காதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

1. வெளிச்சத்தில் பாருங்கள்

கொமட்டில் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தண்ணீர்த் தாங்கியில் நீலக் கட்டி போட்டிருந்தால் மஞ்சள் சலம் பச்சையாகத்தான் தெரியும். நிறமில்லாத பிளாஸ்டிக் கப் ஒன்றில் கொஞ்சம் எடுத்து ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

2. நேற்றுச் சாப்பிட்டது என்ன, போட்ட குளிசை என்ன

பீட்ரூட் கறியும் சிவப்பு டிராகன் பழமும் சிலருக்குச் சலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஒரே சட்டியில் சாப்பிட்ட வீட்டில் ஒருவருக்கு மட்டும் அப்படி வரலாம். பி கொம்ப்ளெக்ஸ் போட்டால் பளிச்சென்ற மஞ்சள். காசநோய்க்குத் தருகிற ரிஃபாம்பிசின் செம்மஞ்சளாக்கும், கண்ணீரும் வியர்வையும்கூட அந்த நிறத்தில் வரும், அதைப் பார்த்துப் பயந்து குளிசையை நிறுத்திவிடக் கூடாது. சலக்கடுப்புக்கே கொடுக்கிற நைட்ரோஃபுரன்டொயின் பழுப்பாக்கலாம். சாப்பாடுதான் காரணம் என்றால் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். சிவப்புக்கு இப்படி எந்தக் காரணமும் கிடைக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், நான்காவதுக்குப் போங்கள்.

3. வெறும் கடும் மஞ்சள்

கொழும்பு வெயிலில் பஸ்ஸில் நின்று வீடு வந்தால் பெரும்பாலும் இதுதான். தண்ணீர் குடித்து அடுத்த ஓரிரு தடவைக்குள் வெளிறினால் சரி. ஆனால் சிறுநீரக வருத்தமோ இருதய வருத்தமோ இருந்து, இவ்வளவுதான் தண்ணீர் என்று டொக்டர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். உடம்புச் சூடு என்று சொல்லி அவர்களுக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுப்பதும் வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.

4. டொக்டரிடம் போக வேண்டியவை

சலத்தில் இரத்தம் போய், நோவு இல்லை என்றால் நம் ஆட்கள் நிம்மதியாகி விடுகிறார்கள். உண்மையில் நோவில்லாத இரத்தத்துக்குத்தான் கூடப் பயப்பட வேண்டும், சலப்பையில் புற்றுநோய் இருந்தாலும் ஆரம்பத்தில் இப்படித்தான் காட்டலாம், முக்கியமாக வயது போனவர்களுக்கும் சிகரட் பிடிப்பவர்களுக்கும். ஒரே ஒரு தடவை போய் நின்றுவிட்டாலும் காட்டுங்கள். விலாவில் தொடங்கித் தொடைச் சந்துக்கு இறங்குகிற தாங்க முடியாத நோவோடு சிவந்து போனால் கல்லாக இருக்கலாம்.

பிளேன்டீ (பால் விடாத தேநீர்) நிறம் வேறு கதை. கண்ணும் மஞ்சள், மலம் வெளிறி இருக்கிறது என்றால் ஈரல் அல்லது பித்தம். ஜிம்மில் பழக்கமில்லாமல் பாரம் தூக்கி அடுத்த நாள் உடம்பெல்லாம் நொந்து இந்த நிறம் வந்தால் தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்று அர்த்தமாகலாம், அன்றைக்கே போங்கள். பிள்ளைக்குத் தொண்டை நோவோ தோலில் புண்ணோ வந்து சில கிழமைக்குள் பிளேன்டீ மாதிரிப் போய், காலையில் கண் இமை வீங்கியிருந்தாலும் அப்படியே. வெள்ளத் தண்ணீரில் நடந்த பிறகு காய்ச்சல் வந்து சலம் குறைந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள், வெள்ளத்தில் இறங்கினதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

நுரை ஒரு தடவை வந்தால் விடலாம், வேகமாகப் போனாலே வரும். ஒவ்வொரு நாளும் வந்து நிற்காமல் இருந்தால் புரதம் போகலாம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர்கள் தள்ளிப் போடக் கூடாது, கர்ப்பிணிகள் தலையிடியோ முகவீக்கமோ சேர்ந்திருந்தால் உடனே போக வேண்டும்.

காய்ச்சலும் குளிர் நடுக்கமும் முதுகு நோவும் சேர்ந்தாலோ, சலம் அடைத்துக்கொண்டாலோ, டெங்குக் காய்ச்சலில் 6 மணித்தியாலம் சலமே போகாவிட்டாலோ இரவு என்று பார்க்காமல் ஆஸ்பத்திரி. 1990 என்ற நம்பருக்கு அடித்தால் வருகிற சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

5. சாம்பிள் எடுப்பது

இந்த இடத்தில்தான் நான் சிக்கினேன். போத்தலைக் கையில் தந்து பாத்ரூமைக் காட்டினார்கள், வேறு ஒன்றும் சொல்லவில்லை. ரிப்போர்ட்டில் தோல் செல்கள் நிறைய வந்து, கல்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கிற டெஸ்ட்) மூன்று நான்கு கிருமி கலந்து வளர்ந்து, மறுபடி எடு என்றார்கள்.

கையைக் கழுவுங்கள். சலம் போகும் இடத்தையும் தண்ணீரால் கழுவுங்கள், பெண்கள் முன்னிருந்து பின்னாக. மூடியைத் திறந்தால் அதைக் கவிழ்த்து வைக்காதீர்கள், போத்தலுக்குள் விரல் படக் கூடாது. பெண்கள் மடிப்புகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆண்கள் முன்தோலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். முதலில் வருவதை கொமட்டில் விடுங்கள், நிறுத்தாமல் நடுவில் போத்தலைப் பிடியுங்கள், பாதி நிறைந்ததும் எடுத்துவிட்டு மீதியை கொமட்டில் விடுங்கள். முதலில் வருவது வெளித் தோலில் உள்ள கிருமியைக் கழுவிக்கொண்டு வரும், அதனால்தான் நடுவில் வருவது.

போத்தல் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு: பாமசியில் விற்கிற, சீல் உடைக்காத, வாய் அகன்ற போத்தல் மட்டும். ஜாம் போத்தலை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்டிபயோட்டிக் தொடங்க முன் கல்சருக்குக் கொடுக்க வேண்டும், ஒரு குளிசை போட்டாலே கிருமி வளராமல் போகலாம். சாம்பிளுக்காக இரண்டு லீற்றர் தண்ணீர் குடித்துவிட்டும் போகாதீர்கள், எல்லாம் ஐதாகிவிடும். மாதவிடாய் நாள் என்றால் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் இரத்தம் என்று வந்துவிடும்.

6. ரிப்போர்ட்

யூ.எப்.ஆர் (சலத்தின் முழு டெஸ்ட் ரிப்போர்ட்) தாளில் சீழ்ச் செல்கள், சிவப்பு அணுக்கள், புரதம் மூன்றையும் பாருங்கள், அப்புறம் டொக்டரிடம் கொடுங்கள். அந்தத் தாளோடு நேரே பாமசிக்குப் போய் அன்டிபயோட்டிக் கேட்காதீர்கள்.

பிற்சேர்க்கை: வாசித்த ஒருவர், காலை 5 மணிக்கு எடுத்தால் லாப் திறக்கும்வரை என்ன செய்வது என்று கேட்டார். 2 மணித்தியாலத்துக்குள் கொடுக்க முடியாது என்றால் மூடி இறுக்கி, பையில் சுற்றி ஃபிரிஜ்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் இல்லை. வெளியே வைத்தால் கிருமி பெருகும், நல்ல சலமும் கலங்கும்.

இன்னொருவர் சீனி குறைய பிலிம்பி ஜூஸ் குடிப்பதாக எழுதினார். பிலிம்பியிலும் காமரங்காயிலும் (நட்சத்திரப் பழம்) சிறுநீரகத்தில் படிகிற ஒக்ஸலேட் கடுமையாக இருக்கிறது, ஜூஸாகக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். குடித்த பிறகு சலம் குறைந்தாலோ விக்கலும் வாந்தியும் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், போய் ஜூஸ் குடித்ததை நீங்களாகச் சொல்லுங்கள், அவர்கள் கேட்காமல் விடலாம்.